யூச்சிகள் இருபதாவது டர்னுக்குள் அழிந்துவிடுகிறார்கள்: புல்வெளி மக்களுக்கு விதி எப்படி எழுதுவது?

மேய்ச்சல்காரன்

வணக்கம். ஒன்றரை வருஷமா வேலை முடிஞ்சு வந்து ராத்திரில ஒரு ஸ்ட்ராட்டஜி கேம் எழுதிட்டு இருக்கேன். கோடோங்கற கேம் செய்யற மென்பொருள், அறுகோணக் கட்டம் போட்ட வரைபடம். மேற்கே காஸ்பியன் கடல், கிழக்கே துன்ஹுவாங், வடக்கே அல்தாய், தெற்கே இந்துகுஷ். கி.மு. 176-ல தொடங்குது, ஒரு டர்ன்னா ஒரு வருஷம்.

அந்த வருஷத்தைத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம் ஒரு கடிதம். சீனாவுக்கு வடக்கே புல்வெளியை ஆண்ட சியுங்னுவோட அரசன் மோது, சீனாவோட ஹான் பேரரசருக்கு அந்த வருஷம் எழுதினது. துன்ஹுவாங் பக்கத்துப் புல்வெளி மக்களான யூச்சிகளை அடக்கியாச்சு, லூலான், வூசுன், சுத்தியிருக்கிற இருபத்தாறு நாடும் இப்ப எங்களோடதுதான்னு சொல்றான். அதைப் படிச்ச அன்னிக்கே இந்த கேம் பண்ணணும்னு தோணிச்சு. நம்ம ஊர்ப் பாடப்புத்தகத்துல குஷாணர் வர்ற இடத்துல "யூச்சி இனத்தின் ஒரு பிரிவு"ன்னு ஒரே வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னாடி எத்தனை வருஷ நடை இருக்குன்னு ஆடிப் பார்த்தாத்தான் புரியும்னு நம்பறேன்.

ரெண்டு சிக்கல் இருக்கு.

ஒண்ணு, யூச்சிகள் பிழைக்கவே மாட்டேங்கறாங்க. ஞாயித்துக்கிழமை நண்பர்கள் மூணு பேரோட உக்காந்து ஆடிப் பார்க்கிறோம். இதுவரை பதினோரு ஆட்டம். யார் ஆடினாலும் சரி, கம்ப்யூட்டர் ஆடினாலும் சரி, இருபதாவது டர்னுக்குள்ள சியுங்னு வந்து அவங்க தலைமையிடத்தைப் பிடிச்சிடறாங்க. தலைமையிடம் போனா ஆட்டம் முடிஞ்சதுங்கறது என் விதி.

ரெண்டாவது, சியுங்னு, யூச்சி, வூசுன், சாகர், காங்ஜூன்னு அஞ்சு கூட்டம் வச்சிருக்கேன். நிறத்தைத் தவிர அஞ்சுக்கும் வித்தியாசமே தெரியல. எல்லார்கிட்டயும் அதே குதிரை வில்லாளிதான். பெரிய கேம்கள்லயும் இப்படித்தான் பார்க்கிறேன். சிவிலைசேஷன் 6-ல சித்தியா எடுத்தா ஒரு குதிரைப்படை கட்டினா இன்னொண்ணு இலவசம். அங்க தலைவியா வர்ற தோமிரிஸ் உண்மையில மசாகெத்தியரோட அரசி. ரோம் 2-ல நாடோடிகளுக்குன்னு வந்த தொகுப்புல ரொக்சோலானி, மசாகெத்தே, ராயல் சித்தியா மூணு இருந்தும், மூணையும் ஒரே மாதிரிதான் ஆடினேன்.

யூச்சிக்கு வெற்றி இலக்கு: சியுங்னு தலைமையிடத்தைப் பிடிச்சு, மண்டையோட்டுக் கிண்ணத்தை மீட்கறது. மோதுவோட மகன் லாவ்ஷாங், யூச்சி அரசனைக் கொன்னு மண்டையோட்டுல கிண்ணம் செஞ்சு குடிச்சானே, அதுக்குப் பழி.

எங்க மாத்தணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாலாம்கட்டளை

ப்ரோ, முதல் வேலையா அந்தத் தலைமையிட விதியைத் தூக்குங்க. டோட்டல் வார் அட்டிலால சில இனங்கள் ஊரைக் கைவிட்டு மொத்தக் கூட்டத்தோட கிளம்பிடலாம். படையே ஊர், ஊரே படை. க்ருசேடர் கிங்ஸ் 2-ல ஹார்ஸ் லார்ட்ஸ்ங்கற கூடுதல் தொகுப்பு வந்தப்ப இன்னொரு வழி பார்த்தோம்: காலி நிலம் எவ்வளவு இருக்கோ அவ்வளவு மேய்ச்சல், அதைப் பொறுத்துத்தான் மக்கள்தொகை. ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. கட்டம் போனாலும் கூட்டம் இருக்குற வரைக்கும் ஆட்டம் இருக்கணும்.

சுவடிப்பெட்டி

மேய்ச்சல்காரன் தம்பிக்கு,

பள்ளியில் இருபத்திரண்டு வருடம் வரலாறு நடத்தியவள் நான். நீங்கள் சொல்லும் அந்த ஒற்றை வரியை நானும் ஒற்றை வரியாகவே கடந்து போயிருக்கிறேன். அதனால் உங்கள் பதிவைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் உங்கள் வெற்றி இலக்கை எடுத்துவிடுங்கள். அது சீன அரசவை கண்ட கனவு. யூச்சிகளின் இலக்கு அது இல்லை. ஹான் பேரரசர் வூ அதே கணக்கைத்தான் போட்டார்: அரசனின் மண்டையோடு கிண்ணமாகியிருக்கிறது, யூச்சிகள் கொதித்துக்கொண்டிருப்பார்கள், சேர்ந்து சியுங்னுவை அடிக்கலாம். அதற்காகக் கி.மு. 138 வாக்கில் சாங் சியான் என்ற தூதர் நூற்றுச் சொச்சம் பேரோடு கிளம்பினார். போகிற வழியிலேயே சியுங்னு பிடித்துப் பத்து வருடத்துக்கு மேல் வைத்துக்கொண்டது. அங்கேயே கல்யாணம் ஆகி, குழந்தையும் பிறந்தது. தப்பித்து, ஃபெர்கானா, காங்ஜூ வழியாகப் போய் அமு தரியா ஆற்றின் வடகரையில் யூச்சிகளைக் கண்டபோது அவர்கள் நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நிலம் வளமானது, கொள்ளை பயம் குறைவு, ஆற்றுக்குத் தெற்கே, இன்றைய வட ஆப்கானிஸ்தான் பக்கம் இருந்த பாக்டிரியா அவர்களுக்கு அடங்கிக் கிடந்தது. ஒரு வருடத்துக்கு மேல் தங்கிக் கேட்டுப் பார்த்தும் பழிவாங்கலாம் என்ற பேச்சுக்கு அவர் தெளிவான பதில் பெறவில்லை. பதின்மூன்று வருடம் கழித்து ஊர் திரும்பியபோது, புறப்பட்டவர்களில் அவரோடு வந்தது ஒரே ஒருவர்.

இப்போது யூச்சிகள் நடந்த தடத்தைப் பாருங்கள். துன்ஹுவாங்குக்கும் சீலியான் மலைக்கும் நடுவில் இருந்தவர்கள் சியுங்னுவிடம் தோற்றார்கள். இலி பள்ளத்தாக்குக்கு வந்து அங்கிருந்த சாகர்களைத் தள்ளினார்கள். பின்னாலேயே வூசுன் வந்து இவர்களைத் தள்ளியது. மறுபடி மேற்கே, பிறகு தெற்கே. சொந்த மண்ணை இரண்டு முறை முழுதாக இழந்தவர்கள் இவர்கள். அதற்கப்புறம் நூறு வருடத்துக்கும் மேல் ஐந்து தலைவர்களின் கீழ் ஐந்து பிரிவாக இருந்து, அதில் குஷாணப் பிரிவின் குஜுலா கட்பிசஸ் மற்ற நான்கையும் அடக்கினார். கனிஷ்கர் காலத்தில் பாக்டிரியாவிலிருந்து கங்கைச் சமவெளி வரை அவர்கள் ஆட்சி. உங்கள் விதிப்படி இவர்கள் இருபதாவது டர்னில் தோற்றவர்கள்!

மதுரா அருங்காட்சியகத்தில் கனிஷ்கரின் தலையில்லாத சிலையை ஒரு ஜூன் மாதம் போய்ப் பார்த்தேன். வெளியே வெயில் சுட்டெரிக்கிறது. அவரோ முழங்காலுக்குக் கீழே இறங்கும் கனத்த மேலங்கி, பாதங்கள் வெளிப்பக்கமாக விரிந்து நிற்கும் பெரிய பூட்ஸ், கையில் வாள். யமுனைக் கரையில் ஆள்கிற அரசர், தன் முன்னோர் குதிரை மேல் கடந்துவந்த குளிருக்கான உடையில் நிற்கிறார். தலைமுறை தலைமுறையாக அந்த உடையைச் சுமந்து வந்திருக்கிறார்களே என்று அங்கேயே வெகுநேரம் நின்றேன். உங்கள் ஆட்டம் அந்த பூட்ஸ் வரைக்கும் போக இடம் தர வேண்டும்.

இரண்டாவது சிக்கலுக்கு எண்களிலிருந்து தொடங்கலாம். ஹான் வரலாற்று நூல் ஒவ்வொரு நாட்டுக்கும் வீடு, மக்கள், படை என்று மூன்று கணக்குத் தருகிறது. வூசுன்: மக்கள் 6,30,000, படை 1,88,800. பெரிய யூச்சி, அதாவது மேற்கே போனவர்கள்: மக்கள் 4,00,000, படை 1,00,000. காங்ஜூ: 6,00,000-க்கு 1,20,000. ஃபெர்கானா, அதாவது தாயுவான்: 3,00,000-க்கு 60,000. எண்ணியவர் சீன அதிகாரி, அதனால் தலைக்கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். விகிதத்தைப் பாருங்கள். வூசுனில் பத்தில் மூன்று பேர் படையில். யூச்சியில் நான்கில் ஒருவர். மற்ற இரண்டிலும் ஐந்தில் ஒருவர். நகரமும் திராட்சைத் தோட்டமும் உள்ள தாயுவானும், மேய்ச்சல் மக்களான காங்ஜூவும் ஒரே விகிதத்தில் இருப்பதைக் கவனியுங்கள். "நாடோடி", "நகரம்" என்று இரண்டே பெட்டி வைத்தால் இது பிடிபடாது.

இன்னொன்று. யூச்சிகள் மேற்கே போனபோது எல்லாரும் போகவில்லை. ஒரு பகுதி தெற்கு மலைகளில் சியாங் மக்களோடு தங்கிவிட்டது. சீனர் அவர்களைச் "சிறு யூச்சி" என்றார்கள். தோற்றால் கூட்டம் இரண்டாகப் பிரியட்டும். எதை அழைத்துப் போவது, எதை விட்டுப் போவது என்று ஆடுகிறவர் முடிவெடுக்கட்டும். கஷ்டமான முடிவாக இருக்கும், இருக்கவும் வேண்டும்.

மேய்ச்சல்காரன்

அம்மா, ரொம்ப நன்றி. பழி இலக்கை இப்பவே அழிச்சிட்டேன். பதிலுக்கு "மூணு தலைமுறை கழிச்சு கூட்டம் உயிரோட இருக்கா, நாணயம் அடிக்குதா"ன்னு வைக்கலாம்னு யோசிக்கறேன்.

ஆனா ஒரு கேள்வி வருது. தோத்தா ஓடிடலாம்னா, எல்லாரும் முதல் டர்ன்லயே ஓடிடுவாங்களே? ஓடறதுக்கு விலை என்ன? தங்கம் குறைக்கலாம்னா, இவங்ககிட்ட கருவூலமே இல்ல.

அல்மாத்தி_மூணாம்_வருஷம்

அண்ணா, நான் கசகஸ்தான்ல எம்பிபிஎஸ் படிக்கிறேன். வரலாறு அம்மா அளவுக்குத் தெரியாது. ஆனா விலை என்னன்னு எனக்குத் தெரியும். குளிர்தான்.

போன வருஷம் கூடப் படிக்கிற கசாக் நண்பனோட அவன் தாத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். அவங்க ஆடு, குதிரை ரெண்டும் வளர்க்கிறாங்க. கோடை மேய்ச்சல் நிலத்துக்கு ஜைலாவ்னு பேரு, குளிர்கால இடத்துக்கு கிஸ்தாவ். தாத்தா என்கிட்ட முதல்ல சொன்ன விஷயம்: பனி விழுந்ததும் குதிரையை முதல்ல விடணும். குதிரை குளம்பால பனியைக் கிளறி அடியில இருக்கிற புல்லை எடுக்கும். அது கிளறி விட்ட இடத்துலதான் ஆடு மேயும். குதிரை இல்லாத ஆட்டு மந்தை ஆழமான பனியில பட்டினிதான். நம்ம கேம்கள்ல குதிரைன்னா சண்டைக்கு மட்டும். இங்க குதிரைதான் ஆட்டுக்குச் சோறு போடுது. அதனால சண்டையில குதிரையை இழந்தா அந்தக் குளிர்காலமே மந்தை சாகணும். இந்த ஒரு விதி போதும் அண்ணா, சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாரும் ரெண்டு தடவை யோசிப்பாங்க.

இன்னொண்ணு ஜூத். பனி கொஞ்சம் உருகி மறுபடி உறைஞ்சு மேல ஐஸ் தகடு மாதிரி ஆகிடும். அப்ப குதிரைக் குளம்பாலயும் உடைக்க முடியாது. வசதியான வீடு ஒரே குளிர்காலத்துல ஒண்ணுமில்லாம ஆகிடும்னு தாத்தா சொன்னார். சொல்லும்போது அவர் குரலே மாறிடுச்சு.

அதனால ஒரு வருஷத்துக்கு ஒரு டர்ன் பத்தாது. கோடை, குளிர்னு ரெண்டாப் பிரிங்க. கி.மு. 72, 71 ஞாபகம் வச்சுக்கோங்க. ஹானும் வூசுனும் சேர்ந்து சியுங்னுவை அடிச்சாங்க. வூசுன் மட்டும் ஏழு லட்சத்துக்கு மேல கால்நடை ஓட்டிட்டுப் போச்சு. அந்தக் குளிர்லயே சியுங்னு அரசன் பத்தாயிரம் குதிரைவீரரோட வூசுன் மேல பழிக்குப் போனான். திரும்பும்போது ஒரே நாள்ல ஆள் உயரத்துக்கு மேல பனி. பத்துல ஒருத்தர்கூட வீடு திரும்பல. உடனே வடக்கேருந்து திங்லிங், கிழக்கேருந்து வூஹுவான், மேற்கேருந்து வூசுன்னு மூணு பக்கமும் பாய்ஞ்சாங்க. மந்தையும் போய், பனியும் அடிச்சா, பேரரசே ஆடுது.

கூட்டங்களுக்கு வித்தியாசம் வேணும்னா மேய்ச்சல் பாதையைப் பாருங்க. இங்க தியான்ஷான் ஓரத்துல இடம்பெயர்றது மேலயும் கீழயும்தான். குளிர்ல அடிவாரம், கோடையில மலை மேல. சில நாள் நடைதான். வூசுன் இருந்தது இப்படிப்பட்ட இடம். சமவெளிப் புல்வெளியில வடக்கு தெற்கா நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நடக்கணும். வரைபடத்துல காங்ஜூவோட வட பாதி அது. மலைக்கூட்டம் வேகமா ஒண்ணு சேரும், ஆனா பள்ளத்தாக்கு வாயை யாராவது அடைச்சா மாட்டிக்கும். சமவெளிக்கூட்டத்தை அடைக்க முடியாது, ஒண்ணு சேர்க்கறதும் கஷ்டம்.

விவசாயத்தையும் மறக்காதீங்க. அல்மாத்தி பக்கத்துல தல்கார்ல சாகர், வூசுன் காலக் குடியிருப்பைத் தோண்டினப்ப கோதுமை, பார்லி, தினை எல்லாம் கிடைச்சிருக்கு. தினைன்னதும் எனக்கு எங்க ஆயா ஞாபகம் வந்துடுச்சு. சிர் தரியா கழிமுகத்துல சிரிக் ரபாத்னு சாகர் கோட்டையே இருக்கு. அதனால சாகருக்கு நகரமே கிடையாதுன்னு விதி எழுதிடாதீங்க.

கடைசியா, உங்க படம் வரையறவர்கிட்ட குதிரைக்கு அங்கவடி (ஓட்டறவர் கால் வைக்கிற வளையம்) வரைய வேண்டாம்னு சொல்லுங்க. அந்தக் காலத்துல அது கிடையாது. தொடையால இறுக்கிப் பிடிச்சுத்தான் ஓட்டியிருக்காங்க. சாகருக்கு உயரமான கூர்தொப்பி கட்டாயம் வேணும். ஈரான்ல பெஹிஸ்தூன் பாறைச் சிற்பத்துல பாரசீகப் பேரரசர் டேரியஸ் முன்னாடி கட்டுண்டு நிக்கிற சாகர் தலைவன் ஸ்குன்காவுக்கு அந்தத் தொப்பிதான். இங்க எசிக்ல 1969-ல கிடைச்ச "தங்க மனிதன்" தலையிலயும் அதே. உடுப்புல நாலாயிரம் தங்கத் துண்டு. அல்மாத்தி நடுவுல விடுதலை நினைவுத்தூண் உச்சியில, சிறகு வச்ச சிறுத்தை மேல அவன்தான் நிக்கறான். வீட்டு ஞாபகம் வர்ற நாள்ல அந்தத் தூண் பக்கம் நடந்து போவேன்.

பழம்போர்

தம்பி நல்லாச் சொன்னார். நான் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன், கூலிப்படை விதி.

ஈரானை ஆண்ட பார்த்திய அரசர் இரண்டாம் ஃபிராத்தஸ், சிரியாவை ஆண்ட கிரேக்க மரபுச் செலூக்கிய அரசர் ஏழாம் ஆண்டியோக்கஸுக்கு எதிராகச் சாகர்களைக் கூலிக்கு அழைத்தார். அவர்கள் வந்து சேர்வதற்குள் போர் முடிந்து ஆண்டியோக்கஸ் செத்தாயிற்று. தாமதமாக வந்ததால் கூலி இல்லை என்றார் ஃபிராத்தஸ். இவ்வளவு தூரம் வந்தோம், கூலி கொடு, இல்லையென்றால் சண்டை போட வேறு எதிரியையாவது காட்டு என்றார்கள். இரண்டும் கிடைக்காததால் பார்த்தியாவையே சூறையாடினார்கள். அவர்களை எதிர்க்கப் போனபோது, பிடிபட்ட கிரேக்க வீரர்களையும் ஃபிராத்தஸ் தன் படையில் சேர்த்துக்கொண்டார். அவரிடம் கொடுமை அனுபவித்தவர்கள் அவர்கள். போரின் நடுவே கட்சி மாறினார்கள், அரசர் கொல்லப்பட்டார். அடுத்து வந்த அர்தபானஸும் தொகாரிகளோடு (மேற்கே யூச்சிகளை அழைத்த பெயர்) சண்டையிட்டு, கையில் பட்ட காயத்தால் இறந்தார்.

ஆக, ஐந்தாறு வருடத்துக்குள் பார்த்தியா இரண்டு அரசர்களைக் கிழக்கு எல்லையில் இழந்தது. அதன் வேர் உங்கள் வரைபடத்தின் கிழக்கு ஓரத்தில், துன்ஹுவாங் பக்கத்தில் இருக்கிறது. மோது தள்ளியது யூச்சியை, யூச்சி தள்ளியது சாகரை, சாகர் வந்து விழுந்தது ஈரானில். சீஸ்தான் என்ற பெயரே சாகஸ்தான் என்பதன் திரிபுதான். தள்ளப்பட்ட கூட்டம் அடுத்த கூட்டத்தைத் தள்ளுகிற விதி இல்லையென்றால் இந்தக் காலத்தை வைத்து ஆட்டம் செய்வதில் பொருளே இல்லை என்பது என் கருத்து.

கூலிப்படை வர மூன்று டர்ன் ஆகட்டும். வந்தபின் வேலை இல்லை என்றாலும் கூலி கொடுத்தே தீர வேண்டும்.

மேய்ச்சல்காரன்

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். எல்லாத்தையும் மாத்தி எழுத வேண்டியிருந்தது.

இப்ப வருஷத்துக்கு ரெண்டு டர்ன், கோடை, குளிர். தங்கத்துக்குப் பதிலா மந்தை, அதுல குதிரை தனி, ஆடு தனி. குளிர் டர்ன்ல குதிரை விகிதம் குறைஞ்சா ஆடு சாகும். மேய்ச்சல் நிலத்தை விட்டுக் கிளம்பினா, அடுத்த இடத்துல புல் யாருடையதோ அவங்களோட மோதியாகணும், இல்ல மந்தையில பங்கு கொடுக்கணும். ஓடறதுக்கு இதுதான் விலை. முதல் டர்ன்லயே ஓடறவங்க பாதி மந்தையோட இலிக்கு வந்து சேர்றாங்க.

ஞாயித்துக்கிழமை நாலு ஆட்டம் ஓட்டினோம். மூணுல யூச்சிகள் அமு தரியா வரைக்கும் வந்துட்டாங்க. ஒண்ணுல இலியிலயே சாகரோட கலந்து நின்னுட்டாங்க. அதையும் தோல்வின்னு எண்ணல. ரெண்டாவது ஆட்டத்துல என் நண்பன் துன்ஹுவாங்ல கூட்டத்தைப் பிரிச்சான். வயசானவங்களையும் பலவீனமான மந்தையையும் மலைப்பக்கம் விட்டுட்டு மத்தவங்களைக் கூட்டிட்டுப் போகணும். மவுஸ்ல கை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தான். கேம் எழுத ஆரம்பிச்ச நாள்லருந்து நான் காத்திருந்த நிமிஷம் அதுதான்.

அல்மாத்தி தம்பி, அங்கவடி எல்லாம் அழிச்சாச்சு. தாத்தாவுக்கு என் வணக்கம் சொல்லு.

அம்மா, ஒரே ஒரு சந்தேகம். பாக்டிரியாவுக்கு வந்ததுக்கு அப்புறமும் வரைபடத்துல "யூச்சி"ன்னே பேர் போடலாமா?

சுவடிப்பெட்டி

வேண்டாம் தம்பி. யூச்சி என்பது சீனர் எழுதிய பெயர். மேற்கே கிரேக்க, லத்தீன் எழுத்தாளர்கள் தொகாரி என்றார்கள். கனிஷ்கர் தன் தங்க நாணயத்தில் கிரேக்க எழுத்தில், பாக்டிரிய மொழியில் பொறித்த பெயர் "கோஷானோ". ஐந்து பிரிவும் ஒன்றான டர்னில் அந்தப் பெயர் வரட்டும்.

மேய்ச்சல்காரன்

போட்டுட்டேன் அம்மா. நாணயத்துல இருக்கிற மாதிரியே அந்த டர்ன்ல "ஷாவோனனோ ஷாவோ கனேஷ்கி கோஷானோ" (அரசர்க்கரசன் கனிஷ்கன், குஷாணன்)ன்னு வட்டமா எழுத்து வரும். குஜுலா காலத்துல ஒண்ணானா, முதல் ரெண்டு சொல்லும் பேரும் இல்லாம "கோஷானோ" மட்டும்.